கட்டைவிரலில் கட்டிய கயிறு

வாங்கக்கா, வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அது ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க. செருப்பைக் கழட்ட வேணாம், இது கடைதானே. குரலை மட்டும் கொஞ்சம் எறக்கிப் பேசுங்க. உள்ள பாப்பா தூங்குது.

உங்க மோட்டார்தானே? ரெடி. ரெடின்னா, முக்கால்வாசி ரெடி. காயில் கட்டியாச்சு, வார்னிஷ் ஊத்தியாச்சு, காஞ்சும் போச்சு. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும். அதைத்தான் ஓட்ட முடியல. ஓட்டினா சத்தம் வரும், சத்தம் வந்தா இது எந்திரிச்சிடும், எந்திரிச்சா எனக்கு இன்னைக்கு விடிஞ்ச மாதிரிதான். தெரியும்கா, புதன்கிழமை தரேன்னு சொன்னேன், இன்னைக்கு வெள்ளி. ரெண்டு ஓட்டலுக்கு மாவு அரைச்சுக் குடுக்கறவங்க நீங்க, கிரைண்டர் இல்லாம என்ன பாடுபடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா கும்பகோணத்துல வைண்டிங் கடை வெச்சிருக்கேன். சொன்ன தேதி தவறினதே இல்ல. சரி, பொங்கலுக்கு ஒரு தடவை தவறிச்சு, அது கரண்ட் இல்லாததால. இப்ப தவறுதுன்னா அதுக்கு நான் காரணம் இல்லக்கா. அமெரிக்காக்காரன் காரணம்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

என்ன பாக்கறீங்க, கால்ல என்ன கயிறுன்னா? நல்லாப் பாருங்க. என் கால் கட்டைவிரல்லேருந்து கெளம்புது, மேசைக்கு அடியில போகுது, அந்தத் திரைக்கு அடியில நுழைஞ்சு உள்ள போயி, ஹால்ல தொங்கற தூளியில முடிச்சு. இங்க உக்காந்து நான் காலை ஆட்டினா அங்க தூளி ஆடும். கை ரெண்டும் வேலைக்கு ஃப்ரீ. எவன் கண்டுபிடிச்சான்? நான்தான். இந்தக் கயித்தாலதான் எல்லாம் வந்துச்சுன்னு எம் பொண்டாட்டி சொல்லுவா. வாயால சொல்ல மாட்டா, பார்வையால சொல்லுவா. அவளுக்கு வாயே இப்பத்தான் தொறந்திருக்கு, அதுவும் வெளியாள்கிட்ட.

அனுசுயாவைத் தெரியும்ல உங்களுக்கு? போன வருஷக் கடைசியில நீங்க மோட்டாரக் கொண்டாந்து வெச்சப்ப நான் இல்ல, டீ குடிக்கப் போயிருந்தேன். அவதான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டே ஓடியாந்து, சாக்பீஸால உங்க பேரை எழுதி வாங்கி வெச்சா. ஆங், அவதான். இடுப்புல புள்ளையோட.

அவ பாக்கற வேலை என்னன்னு தெரியுமா? அமெரிக்காவுல எவனுக்காவது ஒடம்பு சரியில்லாமப் போச்சுன்னா, டாக்டர் எழுதினதைப் படிச்சுட்டு இவ இங்க உக்காந்துக்கிட்டு அதுக்கு ஒரு நம்பர் போடணும். அம்புட்டுதான் வேலை. கால் ஒடஞ்சா ஒரு நம்பர். வலது காலா எடது காலா, அதுக்குத் தகுந்த மாதிரி மாறும். ஆமை கடிச்சாக்கூட அதுக்குன்னு தனியா ஒரு நம்பர் இருக்குக்கா, சத்தியமா. வழுக்கி விழுந்தா விழுந்ததுக்கு ஒண்ணு, எந்த எடத்துல விழுந்தான்னு இன்னொண்ணு. சமையல்கட்டுன்னா ஒரு நம்பர், பாத்ரூம்னா வேற நம்பர். விழுந்தவனே எங்க விழுந்தோம்னு மறந்திருப்பான், இவ உக்காந்து தேடிக்கிட்டிருப்பா. இதுக்கு எம்.எஸ்சி. படிச்சிருக்கா. நான் கேட்டேன், “ஏண்டி, அவன் ஊர்ல நம்பர் போட ஆளே கெடைக்கலையா?”ன்னு. ஏதோ நோயாளியோட சார்ட் படிச்சுக்கிட்டிருந்தாளாம். பாதியில பேசினா மறுபடி மொதல்லேருந்து படிக்கணுமாம். என்னமோ கோயில் கல்வெட்டைப் படிக்கற மாதிரி.

அதுவும் வீட்லேருந்து. அதைச் சொல்லுங்க மொதல்ல. வீட்லேருந்து வேலைன்னா என்னக்கா? வீட்ல இருக்கறது. நம்ம வீட்டு ஃபேன், நம்ம வீட்டு நாற்காலி, நைட்டி மேல ஒரு துப்பட்டா. அதுக்குப் பேர் ஆபீஸ். உங்க தொழிலை எடுத்துக்கங்க, நீங்களும் வீட்லேருந்துதான் பண்றீங்க, ஆனா மாவுன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியுது, கையில ஒட்டுது. இவ நாள் பூரா ஒக்காந்து எந்திரிச்சா ஒரு பிடி மாவு இருக்குமா?

நான் அப்படியா? கரெக்டா ஒம்பது மணிக்குக் கடைக்குப் போயிடுவேன். போறதுன்னா, அந்தத் திரையை வெலக்கிட்டு வரதுதான். நடுவுல ஒரு நெலவாசப்படி இருக்கு பாருங்க. அதைத் தாண்டிட்டா நான் கடையில இருக்கேன். அதை வீட்ல எல்லாருக்கும் புரிய வெச்சிருக்கேன். பாப்பா அழுதாலும் எந்திரிக்க மாட்டேன், பால் பொங்கினாலும் எந்திரிக்க மாட்டேன், கேஸ்காரன் வந்து கத்தினாலும் எந்திரிக்க மாட்டேன். அவ இருக்கால்ல, வீட்லதானே இருக்கா. தொழில்னா ஒரு கட்டுப்பாடு வேணும்கா.

என்னது? ஒரே கட்டடம்தானேங்கறீங்களா? கட்டடம் ஒண்ணுதான். அதுக்காக ரெண்டும் ஒண்ணாயிடுமா? நடுவுல திரை இருக்குல்ல.

அவளோட ஒரு நாளைச் சொல்றேன், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பா. வாசல் தெளிக்கறது, பாத்திரம், சமையல், அதெல்லாம் கணக்குலயே சேத்தி இல்ல, எல்லாப் பொம்பளைங்களும் செய்யறதுதான். ஒம்பது மணிக்கு லேப்டாப் பொட்டியத் தொறப்பா. தொறந்ததும் அவ பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு பொட்டு எரியும். அது எரிஞ்சா ஆள் வேலை பாக்கறான்னு அர்த்தம். அஞ்சு நிமிஷம் மவுஸைத் தொடலைன்னா மஞ்சளாயிடும். மஞ்சளாச்சுன்னா மேல இருக்கற ரெஜினா மேடம் “அனு, இருக்கியா?”ன்னு கேட்டு டைப் அடிப்பா. இவ பதறிப் போயி, “இருக்கேன் மேடம், இருக்கேன் மேடம்.” ஒரு மனுஷிக்கு மரியாதை வேணாம்? நான் கடையில இருக்கேனா இல்லையான்னு எவனாவது கேப்பானா? கதவு தொறந்திருந்தா இருக்கேன்.

அந்தப் பொட்டை வெச்சுக்கிட்டு அவ பண்ற அலப்பறை இருக்கே. புள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவா, எடது கை மவுஸ்ல இருக்கும். குளிப்பாட்டுவா, நடுவுல ஓடி வந்து ஈரக் கையோட ஒரு தட்டுத் தட்டிட்டு ஓடுவா. பதினோரு மணிக்கு எனக்கு டீ வரணும். கடைக்கு டீ வரதுங்கறது பழக்கம். திரை வெலகும், கை நீளும், டம்ளர் வரும். ஆள் வராது. அந்தக் கை மட்டும் வந்துட்டு ஓடிடும். ஒரு வார்த்தை பேசறதுக்கு ஆள் நிக்க மாட்டா. ஒரு மணிக்கு அரை மணி நேரம் அவளுக்குச் சாப்பாட்டு நேரம். எனக்குச் சூடா இருக்கணும், அது அவளுக்குத் தெரியும். எனக்குப் போட்டு, புள்ளைக்கு ஊட்டி, தூளியில போட்டு ஆட்டி, அதுக்குள்ள அரை மணி ஆயிடும். அப்பறம் தட்டை எடுத்துட்டுப் போயி ஸ்க்ரீனுக்கு முன்னாடி வெச்சுக்குவா. நாலு மணிக்கு நான் கை கழுவ உள்ள போனா, சாதம் அப்படியே காஞ்சு கெடக்கும். “ஏண்டி, நாள் பூரா வீட்லதானே இருக்க, ஒரு வாய் சோத்தை நேரத்துக்குத் திங்க முடியாதா?”ன்னு கேப்பேன். அக்கறையிலதான்கா கேக்கறேன்.

ஒரு நாள் எனக்கு டெஸ்டர் காணோம். இங்கேருந்தே, “அனு, டெஸ்டர் எங்கடி?”ன்னு ஒரு சத்தம் போட்டேன். அப்ப அவ மீட்டிங்ல இருந்தாளாம். நாப்பது பேர் காதுலயும் விழுந்துடுச்சாம். அதுலேருந்து அந்தக் கூட்டம் பூரா என்னை ‘டெஸ்டர்’னுதான் சொல்லுதாம். என் வீட்ல நான் சத்தம் போடக் கூடாதாக்கா? இன்னொரு நாள் வந்து நிக்கறா, “அரை மணி நேரம் கிரைண்டரை ஓட்டாதீங்க, பெரிய மேனேஜர் பேசறார்”னு. எப்படி இருக்கு? கடையை மூடச் சொல்றா. நான் ஓட்டினேன். வேணும்னே இல்ல, கஸ்டமர் நின்னுக்கிட்டிருந்தார்.

மெதுவா, மெதுவா. அசையுது. கொஞ்சம் வேகமா ஆட்டறேன் இருங்க. ஆங், அடங்கிடுச்சு.

விஷயத்துக்கு வரேன். தை மாசம் அவளுக்குப் பல் வலி. பத்து நாளா கன்னத்துல துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தா. நான் கிராம்பு வாங்கிக் குடுத்தேன், வேற என்ன பண்ண முடியும்? லீவு போட்டுட்டுப் போடின்னா, லீவு போடற வாரமா இதுங்கறா. குவாலிட்டி டீம்னு ஒண்ணு இருக்காம். மத்தவங்க போட்ட நம்பர் சரியான்னு பாக்கறவங்க. பாருங்க கூத்தை, நம்பர் போட ஒரு ஆள், போட்ட நம்பரைப் பாக்க ஒரு ஆள். அதுக்கு இவ பேரையும் எழுதியிருந்தாங்களாம். புள்ளை தூங்கற நேரத்துல படிச்சுப் பரீட்சைகூட எழுதியிருந்தா. அந்த வாரம் பொட்டு மஞ்சளாகக் கூடாதாம். மாசத்துக்கு ரெண்டு பர்மிஷன் உண்டு. அதுல ஒண்ணு என் தங்கச்சி வளைகாப்புக்குப் போயிடுச்சு, இன்னொண்ணு கடை மீட்டரை என் பேருக்கு மாத்த ஈ.பி. ஆபீஸுக்கு அனுப்பினேன், அதுல போயிடுச்சு. அவளை அனுப்பாம? நான் கடையை விட்டுட்டு எப்படிப் போறது?

அதனால அந்த வியாழக்கிழமை, ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்துல போய்ட்டு ஓடியாந்துடறேன்னு பக்கத்துத் தெரு பல் டாக்டர்கிட்டப் போனா. பாப்பாவைத் தூளியில போட்டுட்டு, “அரை மணி நேரம் பாத்துக்கங்க”ன்னா. ஒண்ணரை மணிக்குப் போன் வருது. “என்னங்க, வேர் வரைக்கும் போயிருச்சாம், இன்னும் ஒரு மணி நேரம் ஆகுங்கறாங்க. லேப்டாப்ல ரெஜினா மேடம் பேர் மேலயே இருக்கும். பல் டாக்டர்கிட்ட இருக்கேன், லேட்டாகும்னு மட்டும் அடிச்சு விட்டுடுங்க. வேற எதையும் தொடாதீங்க.” அவங்க பேசறதெல்லாம் அந்தப் பொட்டியிலயேதான் பேசணுமாம், சொந்தப் போன்ல பேசக் கூடாதாம்.

நான் சரின்னேன். போயி உக்காந்தேன். அடிக்கலாம்னு விரலைக்கூட வெச்சேன்க்கா. அப்பறம் ஒரு யோசனை. எதுக்கு அடிக்கணும்? எம் பொண்டாட்டிக்குப் பல் வலின்னா அதை எவளோ ஒருத்திகிட்டச் சொல்லிக் கெஞ்சணுமா? அவங்களுக்கு வேண்டியது என்ன? பச்சைப் பொட்டு. பொட்டு எரிய என்ன வேணும்? மவுஸ் அசையணும். வீட்ல அசையற பொருள் என்ன இருக்கு? தூளி!

பாத்தீங்களா? உங்களுக்கே முகம் மாறுது. அதுதான்கா மூளை. ஒரு பலகையைத் தரையில போட்டேன், அது மேல மவுஸ், மவுஸைத் தூளி அடியோட ஒரு நூலால சேத்துக் கட்டினேன். தூளி இந்தப் பக்கம் போனா மவுஸ் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம். ஆனா தூளியை யார் ஆட்டறது? எனக்கு ஒரு போர்வெல் மோட்டார் அவசரம், வயலுக்காரர் வண்டியோட வரேன்னு சொல்லியிருந்தார். அப்பத்தான் இந்தக் கயிறு. காலை ஆட்டினா தூளி ஆடுது, தூளி ஆடினா புள்ளை தூங்குது, புள்ளை தூங்கும்போதே அமெரிக்காவுக்கு வேலை நடக்குது, இந்தப் பக்கம் என் கையில காயில் ஓடுது. ஒரே காலு, மூணு வேலை. நாள் பூரா அவ திண்டாடறாளே, அதை நான் ஒத்தக் கால்ல செஞ்சு காட்டினேன்.

மூணே காலுக்கு வந்தா. வாயில பஞ்சைக் கடிச்சுக்கிட்டு, ஒரு பக்கம் கன்னம் வீங்கி. நேரா உள்ள ஓடி, அப்படியே நின்னுட்டா. தூளியப் பாத்தா, நூலைப் பாத்தா, கயித்தைப் புடிச்சுக்கிட்டே வந்து திரையத் தூக்கி என் காலைப் பாத்தா. “மேடத்துக்கு அடிச்சீங்களா?”ன்னு கேட்டா. மரத்துப்போன வாயி, பாதிதான் புரிஞ்சுது. நான், “எதுக்கு அடிக்கணும்? பொட்டைப் பாரு, கிளிப்பச்சையா எரியுது”ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வையை நான் பாராட்டுன்னு நெனச்சுட்டேன்கா. அப்பறம் போயி நூலை அவுத்துட்டு உக்காந்து ரொம்ப நேரம் என்னத்தையோ அடிச்சா. வேலைன்னு நெனச்சேன்.

திங்கக்கிழமை கம்பெனியிலேருந்து லெட்டர். ஒண்ணேமுக்கால் மணி நேரமா மவுஸ் ஒரே மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒரே அளவுல போயிருக்கு, ஏதோ மெஷின் வெச்சு ஏமாத்தியிருக்கீங்கன்னு. அதுக்குப் படம் வேற போட்டு அனுப்பியிருந்தான். பாத்தேன்க்கா அந்தப் படத்தை. மேல கீழ, மேல கீழன்னு அலை அலையா, ஒரு எடத்துலகூடக் கோணல் இல்ல. நான் சொல்லிட்டேன் அவகிட்ட, “மெஷின் இல்லடி, இது என் கால்! ஒரு மனுஷன் கால் இவ்வளவு சீரா ஆடும்னு அவனால நம்ப முடியல பாரு”ன்னு. பதினோரு வருஷம் காயில் சுத்தின ஒடம்பு இது. அவ சிரிக்கல. லெட்டரை மடிச்சு வெச்சா. குவாலிட்டி டீமெல்லாம் இப்போதைக்கு இல்லையாம். வீட்லேருந்து வேலையும் இல்லையாம். தஞ்சாவூர்ல அவங்களுக்குச் சின்னதா ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க தெனம் வந்து பாக்கறதுன்னா பாக்கலாம், இல்லாட்டி வேலைய விட்டுடலாம்னு எழுதியிருந்தான்.

நான் என்ன சொல்லுவேன்? விட்டுடுன்னேன். அன்னைக்குத்தான் மொதமொதல்ல அவ சத்தமாப் பேசினா. “விட மாட்டேன். பாப்பாவை நீங்க பாத்துக்கங்க”ன்னா. நான் எப்படிடி பாக்கறது, நான் கடைக்குப் போகணுமேன்னேன். “நான் தெனம் வேலைக்குப் போயிட்டுத்தான் பாத்துக்கிட்டேன்”னா. புரியற மாதிரியா பேசறா? அவ எங்க போனா? வீட்லதானே இருந்தா.

மூணு மாசமாச்சு. ஏழரை மணி பஸ்ஸுக்குப் போயிடறா. சமைச்சு வெச்சுட்டுத்தான் போறா, அதைக் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்பறம் என் நெலைமை? ஒம்பது மணிக்கு இங்க வந்து உக்காந்தா, ஒம்பதேகாலுக்கு இது நெலவாசப்படியத் தாண்டித் தவழ்ந்து வந்துடுது. செம்புக் கம்பிய வாயில வைக்குது. கம்பியெல்லாம் மேல ஏத்திட்டேன் பாருங்க, சோல்டரிங் அயர்ன் ஆணியில தொங்குது, எட்டி எடுக்கறதுக்குள்ள எனக்கு முதுகு புடிச்சுக்குது. கஞ்சி ஊட்ட முக்கா மணி நேரம். ஒரு வாய்க்கு ஒரு காக்கா காட்டணும். காக்கா போயிடுச்சுன்னா வாயை மூடிக்கும். அப்பறம் குளியல், அப்பறம் தூக்கம். ஒரு காயிலுக்கு எத்தனை சுத்துன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே சுத்தணும்கா. நூத்தி நாப்பது வந்திருப்பேன், “ப்பா”ங்கும். போச்சு. எத்தனைன்னு மறந்துடும். அவுத்துட்டு மறுபடி மொதல்லேருந்து. உங்க மோட்டாரை அப்படி நாலு தடவை அவுத்திருக்கேன். நடுவுல கூப்பிடாதேன்னா அதுக்குப் புரியுமா? பெத்தவன் கஷ்டம் அதுக்கென்ன தெரியும்? நேத்து மத்தியானம் சாப்பிட உக்காந்தப்ப மணி நாலு. சோறு காஞ்சு போச்சு.

அவளுக்கு என்ன, ஏசியில உக்காந்திருக்கா. ராத்திரி வந்து சேதி சொல்றா, “இன்னைக்கு உக்காந்து சாப்பிட்டேன்”னு. சோறு தின்னதெல்லாம் ஒரு சேதியா? யாரோ கிரேஸ்னு ஒருத்தி எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டாந்தாளாம். பஸ்ஸுல ஜன்னல் சீட் கெடச்சுதாம், அய்யம்பேட்டை வரைக்கும் தூங்கிட்டாளாம். எதுக்கு இவ்வளவு சந்தோஷம்னு எனக்குப் புரியலக்கா. நாப்பது கிலோமீட்டர் போறதுக்கு ஒரு சந்தோஷமா? கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாப்புல ஆயிடுச்சு.

நானும் தெனம் கேப்பேன், “கம்பெனிக்காரன் ஏதாவது சொன்னானா? மறுபடி வீட்லேருந்தே பாக்கச் சொல்வானா?”ன்னு. “ஒண்ணும் சொல்லல”ம்பா. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுவா. சரி, அவளுக்காக நான்தான் எறங்கணும்னு நேத்து முடிவு பண்ணினேன். என்னை உங்களுக்குத் தெரியும், நான் எவன்கிட்டயும் போயி நிக்கற ஆள் இல்ல. பாப்பாவுக்கு ஏதாவதுன்னா கூப்பிடுங்கன்னு ஆபீஸ் நம்பரை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போயிருக்கா. அதுக்குப் போட்டேன். ரெஜினா மேடம்தான் எடுத்தாங்க. “மேடம், நான் அனுசுயா வீட்டுக்காரர் பேசறேன். அது மெஷின் இல்ல மேடம், என் கால். தப்பு என்மேலதான். தயவு பண்ணி அவளுக்கு மறுபடி வீட்லேருந்தே வேலை குடுங்க”ன்னேன். கெஞ்சினேன்க்கா. பல் வலிக்கு எவளோ ஒருத்திகிட்ட எதுக்குக் கெஞ்சணும்னு நெனச்சேன்ல, அவகிட்டயேதான் கெஞ்சினேன்.

அந்தம்மா சிரிக்கல. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. “தெரியும் சார். அனு அன்னைக்கு மத்தியானமே எல்லாத்தையும் எழுதிட்டாங்க. ‘எங்க வீட்டுக்காரர் ஒத்தாசையா நெனச்சுத்தான் செஞ்சார், அவர்மேல தப்பு இல்ல’ன்னு எழுதியிருந்தாங்க. அதை வெச்சுத்தான் வேலைய விட்டு எடுக்காம ஆபீஸுக்கு வரச் சொன்னாங்க. குவாலிட்டி டீம்லயும் போன மாசமே போட்டாச்சே, வீட்ல சொல்லலையா?”

சொல்லல.

“வீட்லேருந்தே பாக்கலாம்னும் போன மாசமே சொல்லியாச்சு சார். அவங்கதான் வேணாம்னுட்டாங்க. ஆபீஸ்தான் நிம்மதியா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.”

எழுதிக் குடுத்திருக்காளாம்க்கா. கையெழுத்துப் போட்டு.

போனை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். ராத்திரி வந்தா, சிரிச்ச முகமா வந்தா. நான் கேக்கல. “கம்பெனிக்காரன் ஏதாவது சொன்னானா?”ன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா “ஒண்ணும் சொல்லல”ம்பா. அதைக் கேக்கப் பயமா இருந்துச்சுக்கா எனக்கு.

நீங்க ஒரு பொம்பளை, நீங்க சொல்லுங்க. வீட்ல என்ன கொறை அவளுக்கு? அடிச்சனா? குடிச்சனா? ஒரு நாளாவது இந்த வேலை வேணாம்னு சொன்னனா? ஃபேன் இருக்கு, புள்ளை இருக்கு, கூப்பிட்ட கொரலுக்கு நான் இருக்கேன், இந்தா திரைக்கு இந்தப் பக்கம். வீட்லதானே இருந்தா, ராணி மாதிரி. அதை வேணாம்னு சொல்லிட்டு எதுக்குக்கா ஒருத்தி பஸ்ஸுல நசுங்கிட்டுப் போகணும்? நேத்துலேருந்து யோசிக்கறேன், புடிபடவே இல்ல.

என்னக்கா, என் காலையே பாக்கறீங்க.

சரி, எந்திரிச்சுட்டீங்களா? மோட்டாரா? வேற எடத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க, முடிஞ்ச வேலை. ராத்திரி அவ வந்ததும் புள்ளையக் குடுத்துட்டு ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடறேன். நாளைக்கு வாங்கிக்கங்க. சனிக்கிழமையும் அவளுக்கு ஆபீஸ் உண்டு, அதனால காலைல வராதீங்க, கஞ்சி ஊட்டற நேரம். பதினோரு மணிக்குக் குளிப்பாட்டணும், கதவு தொறக்க முடியாது. ஒரு மணிக்கு மேல தூங்கும், அப்ப வந்தா கதவத் தட்டாதீங்க, பேரு சொல்லியும் கூப்பிடாதீங்க, சும்மா வந்து நில்லுங்க. நாலு மணிக்கு நான் சாப்பிட உக்காருவேன். அஞ்சுன்னா அது எந்திரிச்சிருக்கும். நீங்களே ஒரு நேரம் பாத்து வாங்களேன்.

என்ன சொன்னீங்க?

“நீ வீட்லதானே தம்பி இருப்ப, எப்ப வேணா வந்துக்கறேன்”னா?

யாருக்கா வீட்ல இருக்கா? வெளிய போர்டைப் பாருங்க, எவ்வளவு பெரிய எழுத்து. பதினோரு வருஷமாத் தொங்குது. இது கடை. நான் கடையில இருக்கேன். வீட்ல இல்ல. அக்கா, நில்லுங்க. சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே படியெறங்கினா எப்படி? எனக்கு வேலை இருக்குக்கா, தலைக்கு மேல இருக்கு, நான் ஒண்ணும் சும்மா உக்காந்திருக்கல. அக்கா, ஒரு நிமிஷம் நில்லுங்க, அங்க வந்து சொல்றேன்.

இருங்க, கால்ல கயிறு இருக்கு. அவுத்தா பாப்பா முழிச்சுக்கும்.